அம்மா போட்ட டொக் டொக்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி, அம்மாவோட இருமல் எப்படி இருக்கு?

நம்ம பழைய கார் ஓடுற சத்தத்தை போன்ல பதிவு பண்ணி அனுப்பினீங்களே, அதை ஒர்க்‌ஷாப்ல எல்லாரும் கேட்டோம். போனுக்குக் கேட்காதோன்னு அம்மாவே வாயால "டொக், டொக்"னு போட்டிருக்காங்க! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான். அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன்.

கியர் போட்டா டொக், அறுபதைத் தாண்டினா அதிர்வுன்னு சொன்னீங்க. பின்சக்கரத்துக்குப் போற ஷாப்ட்ல கிராஸ்ங்கிற இணைப்பு தேஞ்சிருக்கும். மெக்கானிக்கிட்ட அதை ஆட்டிப் பார்த்து மாத்தச் சொல்லுங்க. அதுவரை தூரமா எடுத்துட்டுப் போகாதீங்க.

ஃபோர்மன் கூப்பிடுறார். மாத்தினதும் மறுபடி ஓட்டிப் பதிவு பண்ணி அனுப்புங்க. சத்தம் நின்னுடுச்சான்னு பார்க்கத்தான். அம்மாவை ஏத்திக்காம மட்டும் ஓட்டிடாதீங்க.

உங்கள் மகன்