இரண்டு உதயங்களால் நேர்ந்த பிழை குறித்துத் தாழைப்பள்ளத்தார்க்கு

மழை பிழையாது பெய்க. ஏரி கரை மீறாது நிறைக.

வெண்முகில் நாடுடைய நெடுங்கோவேள், நம் தாழைப்பள்ளத்து ஊர்த்தலைவர் கூத்தன் பெருநம்பியாருக்கும் அவ்வூர்க் குடிகள் அனைவருக்கும் எழுதுவித்த ஓலை. மனையில் நலமா என்று கேட்டுத் தொடங்குவது அரண்மனை வழக்கம். உம்மிடம் அதைக் கேட்க நமக்கு நா எழவில்லை.

சென்ற பெருமழையில், மலைமேல் மழை கொட்டத் தொடங்கிய நாழிகையைக் குன்றுக் காவலர் குதிரையில் சொல்லியனுப்ப, அதிலிருந்து எண்ணி, உச்சிப்பொழுதில் வெள்ளம் வருமென்று பறையறைவித்தோம். நீங்களும் நம்பிக் கரையேறினீர்கள். உச்சி சாய்ந்தும் நீர் வரவில்லை. அரண்மனைக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தபடி பலர் இறங்கினர். பசித்த பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்ச உம் மனைவி அல்லங்கோதையாரும் இறங்கினார். அதன்பிறகே வெள்ளம் வந்தது. அவர் திரும்பவில்லை.

காவலர் பொய்யுரைத்தார் என்று அவையில் சிலர் கொதித்தனர். அடித்துளையில் நீர் ஏறி நாழிகைக்கு ஒருமுறை மூழ்கும் அரண்மனை நாழிகை வட்டிலையும் குன்றின் வட்டிலையும் ஒரே தொட்டியில் மிதக்கவிட்டோம். இரண்டும் ஒன்றாகவே மூழ்கின. துளை தேயவுமில்லை, பாசி அடைக்கவுமில்லை. எண்ணுவோரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இறுதியில், நாளின் முதல் வட்டிலை எப்போது நீரில் இடுவீர் என வினவ, உதயத்தில் என்றே இரு சாராரும் விடை பகர்ந்தனர். அரண்மனைக்கு உதயம் கடல்மேல். குன்றுக் காவலுக்கோ, கிழக்கே மறித்து நிற்கும் யானைமுகட்டைக் கதிரவன் ஏறிக் கடந்தபின். மூன்று நாழிகை அங்கே தொலைந்தது; வெள்ளத்தை நாம் அத்தனை முந்திச் சொல்லிவிட்டோம். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னதால், அதன் பொருளைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

இனி விடியலில் அரண்மனை மாடத்தில் தீ எழ, அதைக் கண்டு குன்றுதோறும் தீ எழும். அப்போதுதான் எல்லாக் காவலரும் முதல் வட்டிலை இடுவர். மூடுபனியில் தீ தெரியாத நாளில் நாழிகை சொல்லாமல், அறியோம் என்றே சொல்லியனுப்பப் பணித்துள்ளோம்.

ஆயினும், எந்தப் பறை கேட்டாலும் இனி வீட்டை விட்டு எழோம் என்று உம் ஊரார் சொல்லியனுப்பியுள்ளனர். அச்சினம் நியாயமே. ஆனால் மலையில் வானம் மீண்டும் கறுத்துவிட்டது.

ஆகவே நாளை நாம் தேவியோடும் மக்களோடும் வந்து, உம் ஊரின் தாழ்ந்த தெருவில் தங்குவோம். பறை முழங்கினால், உம் குடிகளின் கடைசிப் பிள்ளை ஏறிய பின்பே நம் பிள்ளைகள் ஏறுவர். வெள்ளம் வந்து வடியும்வரை எவரையும் கரையிறங்க விடாதீர். நாமே இறங்கச் சொன்னாலும் கேளாதீர். இவ்வாணையை மீறி நம் சொல்லும் செல்லாதென்று விதித்து, இலச்சினை இட்டோம்.