பிள்ளைகளுக்கு முன்னால் நடக்கிறவன்

ஐப்பசி, வியாழன் இரவு.

எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழு கிழவனான என்னிடம்தான் கொடுத்திருக்கிறது. தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். பாதை வளைவில் நின்று கேட்டு, அதன் மூச்சுச் சத்தம் இல்லையென்றால்தான் தாண்ட வேண்டும்.

இன்று நின்று கேட்டேன். சத்தமில்லை. காலெடுத்து வைத்தேன். மூன்றாம் வகுப்பு கவிதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பிச்சி, செடிக்குப் பின்னால புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உடுதுங்க. கேக்கலைங்களா?”

பனிக்குள் அது நின்றுகொண்டிருந்தது. அது கீழே இறங்கிப் போகும்வரை பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திவைத்தேன்.

“கேட்டுச்சு சாமி. உங்களுக்குக் கேக்குதான்னு பாத்தேன்” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

போன வருஷம் அதே வளைவில் காட்டெருமை முட்டிச் செத்த எஸ்டேட் வாட்ச்மேனின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

காது போய்விட்டதென்று குழுவில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேறு ஆள் ஏது? எல்லோரும் அந்நேரம் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தனியாகத்தான் நடப்பார்கள்.

எப்படியும் கூட்டம் நாளை மாலைதான். அதற்கு முன்னால் காலையில் அந்த வளைவு இருக்கிறது.