இடப்பக்கத்து லீவர்

என் அருமை அண்ணா,

நீ கண்மூடி மூன்று மாதமாகிறது. உன் மோட்டார் சைக்கிள் நம் பாச்சாங் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. விற்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ரப்பர் ஷீட் அழுத்தும் உருளையில் உன் இடக்கை நசுங்கிய பிறகு, நான்கு வருஷம் அந்த வண்டியை நாம் இருவருமாக ஓட்டினோம். நீ மேலே, நான் இடப்பக்கம் சைட்காரில். பெட்ரோல் லீவர் உன் வலக்கையில். கிளட்ச்சும், தீப்பொறியை முந்தவோ பிந்தவோ வைக்கும் குட்டி லீவரும் என் பொறுப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, என் வலக்கையால் பிடிப்பேன். "புடி", "விடு" என்பாய். போகப்போக, நீ சொல்வதற்கு முன்பே இன்ஜின் சத்தம் கேட்டு என் கை போய்விடும். கிளட்ச் முதலில் காட்டும் முரண்டு, பாதி தூரத்தில் சட்டென்று இளகும் இடம், எல்லாம் என் உள்ளங்கைக்கு இன்னும் தெரியும்.

செர்காம் பக்கத்து எஸ்டேட்டில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் எழுத்து வகுப்பு உன்னோடு நின்றுபோனது. பஸ் பெரிய ரோட்டோடு சரி. போன மாதம் எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து முனியம்மா கேட்டு அனுப்பினாள்: "டீச்சர் வருவாங்களா, சிலேட்டத் திருப்பிக் குடுத்துடவா?" அந்தக் கேள்விக்காகத்தான் நானே ஓட்டுவது என்று தீர்மானித்தேன்.

உன் வண்டியைப் பழுது பார்த்துவந்த சவரிமுத்துவை எதிர்த் திடலுக்கு வரச் சொன்னேன்.

"பொடவையோட ஏறுறீங்களே டீச்சரம்மா, சங்கிலியில சிக்குனா நான் பொறுப்பில்ல லா."

"ஊக்கு குத்தியிருக்கேன். நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி நகர்ந்ததும் என் வலக்கை பெட்ரோல் லீவரை விட்டுவிட்டுத் தானாக இடப்பக்கம் தாவியது. கிளட்ச் என்றால் அது தன் வேலை என்றுதானே அதற்குப் பழக்கம்? பெட்ரோல் லீவரோ வைத்த இடத்திலேயே நின்றது. இரண்டு கையும் மோதிக்கொள்ள, கிளட்ச் நழுவி, வண்டி பக்கத்து வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் புகுந்தது. மூன்று நாள் பழகினேன். மூன்று நாளும் அதே வேலி.

"ஒங்க ரெண்டு கையும் சண்ட போடுது டீச்சரம்மா. கிளட்ச காலுக்கு மாத்திட்டு, குட்டி லீவர வலப்பக்கம் வச்சிடலாம். அர நாள் வேல." இலைகளைத் தட்டிவிட்டபடியே சொன்னார்: "ஒங்கண்ணன்கிட்ட கை நசுங்குனப்பவே இதச் சொன்னேன். வேணாம் லா, தங்கச்சி இருக்குன்னுட்டாரு."

வண்டியை வேலியிலிருந்து பின்னுக்கு இழுத்தேன் அண்ணா.

உனக்கு என் கை தேவையே இல்லையா? மதராசில் படித்துவிட்டு வந்து, கல்யாணம் வேண்டாம் என்று உன்னோடு தங்கியவள் நான். உனக்கு உதவுகிறேன் என்று நான்கு வருஷம் பெருமைப்பட்டேன். தனியாகப் போக உனக்குப் பிடிக்கவில்லையா? இல்லை, நான் தனியாக வீட்டில் இருப்பதுதான் உனக்குப் பொறுக்கவில்லையா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

மாற்றச் சொல்லிவிட்டேன். இப்போது இடப்பக்கம் வெறும் ரப்பர் பிடிதான். எட்டிப் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை.

போன ஞாயிறு எஸ்டேட்டுக்குப் போய்வந்தேன். ஆளில்லாத சைட்கார் திருப்பத்தில் மேலே தூக்குமாம். அதற்காக நான் உட்காரும் இடத்தில் சவரிமுத்து ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினார். வழியெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே ஓட்டினேன்.

"ஐயோ டீச்சர், தனியாவா வந்தீங்க? நான் ஒருவாட்டி ஏறட்டா?" என்று முனியம்மா ஓடி வந்தாள்.

"ஏறு, பாரத்துக்கு ஆள் வேணும்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீயும் இப்படித்தானே ஒரு காரணம் வைத்திருந்தாய்? அதற்குள் வகுப்புக்கு மற்றவர்கள் வந்துவிட்டதால் அவள் ஏறவில்லை.

வரும் ஞாயிறு மணலை லயத்து வாசலில் இறக்கிவிட்டு, அவளைச் செர்காம் கடற்கரைவரை கூட்டிப்போவேன். பாரத்துக்கு என்று சொல்ல மாட்டேன். "எனக்குத் துணையா வா" என்று வாய்விட்டுக் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் ஒரே தங்கை,
எஸ்தர்