டாலர் ஏறுது, மச்சான்

2008 பிப்ரவரி 12, செவ்வாய்

பணம் சீனாவுக்குப் போய்விட்டது. ஒரு கண்டெய்னர் கன்வேயர் பெல்ட், ஆலைகளில் சரக்கை நகர்த்துகிற பட்டை. நாலு அடுக்குத் துணி, மேலும் கீழும் ரப்பர். இத்தனை நாள் கல்கத்தா கம்பெனியிடம் வாங்கி, கடலூர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி விற்றவள் இன்றிலிருந்து இறக்குமதிக்காரி. சிரிப்பு வருகிறது. 

தம்பி ஆசிக்குக்கு என்மேல் கோபம். "எல்லாரும் தொண்ணூறு நாள் கடன்லதான்க்கா எடுக்குறாங்க. டாலர் எறங்கிக்கிட்டே இருக்கு, பொறவு கட்டுனா நமக்குத்தான் லாபம்." கடன் என்றால் சீனாக்காரன் வட்டியைச் சேர்த்துத்தான் விலை போடுகிறான். வட்டி நம் வீட்டுக்கு வேண்டாம் என்றேன், முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினேன். "ஒனக்கெல்லாம் எதுக்குக்கா ஏவாரம்" என்று எழுந்து போய்விட்டான்.

கட்டியது வீட்டுக்காரரின், என் மச்சானின், ஷார்ஜா சம்பளம். ராத்திரி போனில், "இது வித்துடுச்சுன்னா நான் வந்துடுறேன் ஷஹனாஸ், ரெண்டு பேருமா கடையப் பார்த்துக்கலாம்" என்றார். வருகிறேன் என்று பல வருஷமாகச் சொல்கிறார். எது முடிந்தால் வருவேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மே 6

சரக்கு வந்தது. லாரி தெருவுக்குள் நுழையவில்லை, ரோல் ரோலாக உருட்டிக் கொண்டுவந்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்மேல் அவ்வளவு ரப்பர் வாசனை.

ஜூன் 19

ஒரு மீட்டர்கூடப் போகவில்லை. மெட்ராஸில் ஆளாளுக்குச் சீனா பெல்ட்டை இறக்கி வைத்திருக்கிறார்கள். கரும்பு ஆலைகள் ஓடவில்லை. கம்மாபுரம் கான்ட்ராக்டர் ராஜவேல் வந்தார். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "சீனா சரக்கா மேடம்? நாளைக்குக் கிழிஞ்சா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?" டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

ஜூலை 23

விற்கவில்லை. மச்சானிடம் விற்கிறது என்று சொன்னேன்.

அக்டோபர் 10

டாலர் நாற்பத்தெட்டு. நான் கட்டியபோது நாற்பதுகூட இல்லை.

ஜூலையில் கடனுக்கு எடுத்த பாண்டிச்சேரி பார்ட்டிக்கு இப்போதுதான் தவணை. பாவம், தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாராம். புதிதாக ஆர்டர் போட யாருக்கும் தைரியம் இல்லை, பழைய டாலரில் முழுசாகக் கட்டி வைத்திருப்பது நான்தான்.  ஆசிக் கேட்காமலே டீ வாங்கி வந்து வைத்தான்.

சாயங்காலம் ராஜவேல் போன். "மேடம், அந்தச் சீனா பெல்ட்டு இன்னும் இருக்குதா?"

நவம்பர் 27

புயல் மழை. கடலூருக்கு பஸ் இல்லை. கோடவுனில் தண்ணீர் ஏறியிருக்குமோ? பெல்ட்டுக்குள் இருப்பது பாலியஸ்டர் துணி, நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன. நாள் பூரா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். மச்சானைப் பெற்ற மாமி, "ஒரு இடத்துல ஒக்காரும்மா" என்றார்.

டிசம்பர் 17

ஆலைகள் அரவையைத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் விற்றாகிவிட்டது, நல்ல விலைக்கு. குதிக்காத குறையாக மச்சானுக்குப் போன் போட்டேன்.

 "டாலரோட திர்ஹாமும் ஏறிப் பதிமூணு ரூபாய்க்கு வந்துடுச்சு ஷஹனாஸ். இப்ப போய் வேலைய வுடுறது புத்தியா? இன்னும் ஒரு வருஷம்" என்றார்.

எந்த டாலர் ஏறி என் பெல்ட் போகுதோ, அதே டாலர்தான் அவுங்கள அங்க புடிச்சி வச்சிருக்கு. கடைக்கு அது ஏறணும். வீட்டுக்கு எறங்கணும். தொழுகையில உக்காந்துக்கிட்டு எதைக் கேக்குறது நான்?

2009 ஜனவரி 9

எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல். போனில் சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான், "இன்னிக்கு ரேட்டு எவ்ளோ, பேப்பர் பாத்தியா?" என்று கேட்டார். சொன்னேன். காய்ச்சலைச் சொல்லவில்லை.

மார்ச் 4

கடைசி ரோலையும் ராஜவேல் எடுத்துக்கொண்டார். முதலில் போட்ட பெல்ட் நன்றாக ஓடுகிறதாம். கோடவுன் காலி. தரையில் கறுப்புத் தடம் மட்டும்.

ஆசிக் அடுத்த கண்டெய்னருக்கு அவசரப்படுகிறான். "பொறுடா" என்றேன்.

மச்சான் கூப்பிட்டார். வழக்கம்போல ரேட். டாலர் ஐம்பத்தொன்றைத் தாண்டியிருந்தது, பேப்பர் மடியிலேயே கிடந்தது. "எறங்கிப்போச்சு மச்சான்" என்றேன். "ரொம்ப எறங்கிப்போச்சு. இனிமே ஏறாதுன்னு சொல்றாங்க."

 

"ஷஹனாஸ். நான் பணம் மாத்துற எக்ஸ்சேஞ்சு வாசல்ல, ரேட்டு போர்டுக்கு நேராத்தான் நிக்கிறேன்."

 அழுதுவிட்டேன். அவரும் போனை வைக்கவில்லை.

மார்ச் 5

போன் இல்லை.

மார்ச் 6

போன் இல்லை. ஏன்டி அப்படிச் சொன்ன? எந்தக் கஸ்டமர்கிட்டயாவது இப்படி ரேட்டு மாத்திச் சொல்லியிருக்கியா நீ?

மே 11

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா மடியில் தூங்கிவிட்டாள். விமானம் இறங்கிவிட்டதாம், பெட்டிகள் வர நேரமாகும் என்கிறார்கள். நிறையப் பெட்டி இருக்கும், வேலையை விட்டுவிட்டு, அறையைக் காலி பண்ணிக்கொண்டு மச்சான் வருகிறார்.

பணம் மாற்றுகிற கவுண்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு டாலர் என்னவென்று எனக்குத் தெரியாது.