முதலில் வந்தது இளையது

இபாதான்.

என் மூத்த மகள் கெஹிந்தேவுக்கு, அப்பா நான் சொல்லச் சொல்ல உன்னோடு இரட்டையாகப் பிறந்த டாய்வோ எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், முழங்காலைத் தவிர நானும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்புகிறேன். நான் திட்டுவதை இவன் எழுதாமல் விட்டுவிடுவான், அதனால் ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

போன வாரம் கரண்ட் போய் வந்த வேகத்தில் இவனுடைய கல்யாண வீடியோக் கடையில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிப்போனது. நீ புறப்படுமுன் மாட்டிக் கொடுத்தாயே இரண்டு ஹார்டு டிஸ்க், வேகமாக ஓடும் என்று, ஒவ்வொரு படத்தையும் துண்டுதுண்டாக நறுக்கி இதில் ஒன்று அதில் ஒன்று என்று போடுமே, அவை பிழைத்தன. ஆனால் தனியாக எடுத்தால் எதிலும் படமில்லை, வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் காலி டிஸ்க், அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கிறது. இவன் சரி என்று அமுக்கப் போனான், நல்லவேளை தும்மல் வந்தது. உள்ளே இருப்பது நம் தெரு ஜுமோகேயின் கல்யாணம். அவள் அப்பா மகளை ஆசீர்வதித்துப் பேசிய மறுமாதமே போய்விட்டார், அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. அவள் அம்மா தினமும் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். இன்னொரு பிரதி வை என்று நீ சொன்னதைக் கேட்காத வெட்கத்தில், உனக்குப் போன் செய்யவும் இவன் விடவில்லை.

ஒனிட்சாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒபியோரா என்ற கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பிள்ளையைக் கூட்டிவந்தோம், நம் ஜனமில்லை. கெட்டிக்காரன், முதலில் இரண்டையும் அப்படியே நகல் எடுத்துக்கொண்டான், அசலைத் தொடவில்லை. துண்டு எவ்வளவு பெரிது என்று தெரியாததால் அளவை மாற்றி மாற்றிப் போட்டான், ஒன்றும் திறக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றவில்லை, நீதான் ஒன்றில் மூத்தது மற்றதில் இளையது என்று மையால் எழுதியிருந்தாயே, மூத்ததுதானே முதல் என்று நினைத்துவிட்டான். சலித்துப்போய் இவனிடம், "இரட்டையில நீதான சின்னவன், போய் அமலாக் களி வாங்கிட்டு வா" என்றான். இவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். "அம்மா வயித்துலேருந்து முதல்ல வெளிய வந்ததும் நான், முதல்ல அனுப்புறதும் என்னையத்தானா."

"இரு, முதல்ல வந்தவன் எப்படிடா சின்னவன்?" என்றான் ஒபியோரா.

எங்கள் ஜனத்தில் அப்படித்தான் தம்பி என்றேன், மூத்தவர் உள்ளே இருந்துகொண்டு உலகம் ருசியா என்று பார்த்துவர இளையவனை முன்னால் அனுப்புவார், அவன் அழுகையைக் கேட்டுத்தான் பின்னால் வருவார். ஒபியோரா தலையில் கை வைத்துக்கொண்டான். "பாபா, இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" இளையதை முன்னால் வைத்து அளவுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஜுமோகே தலையில் சுற்றிக் கட்டிய கல்யாணத் துணி திரையில் முழுசாக வந்தது, பிறகு அவள் அப்பாவின் குரல். வாசலிலிருந்து ஓடிவந்த அவள் அம்மா திரையைத் தொட்டு, "தொண்டையச் செருமுறாரு பாரு, எப்பவும் இப்படித்தான்" என்றாள். களி வாங்க யாரும் போகவில்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் இங்கே தனியாக ஒரு பிரதி இருக்கிறது, நீயும் உன் படங்களை அப்படி வை. பட்டினியோடு வேலைக்குப் போகாதே. உன் தலையெழுத்து உனக்குத் துணை நிற்கட்டும், கால் வைத்த இடம் வழுக்காதிருக்கட்டும். ஒன்று மறவாதே. இந்த முறை மூத்தவள் நீ முன்னால் போய்விட்டாய், இளையவன் இங்கே காது கொடுத்து நிற்கிறான். அங்கே ருசியா என்று நீ இன்னும் குரல் கொடுக்கவில்லை. ருசியில்லை என்றாலும் சொல் மகளே.

கைநாட்டு வைக்கும் உன் அப்பா,
அடியோஜோ