யாழி ஏன் குதிக்கவில்லை

ஜூலை 19, சனி

காலையிலிருந்து ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட பாவாடை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஆடிப்பெருக்குக்கு வெளியிட வேண்டிய காலண்டர் மாதிரி ஆல்பம் இன்னும் பாதிதான். முருகன் கையில் வேல் பச்சை நிறத்தில் அச்சாகியிருக்கிறது. திருப்பி அனுப்பினேன்.

விருதுநகரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பாம். இரண்டு வயதிலிருந்தே சேர்க்கலாமாம். எங்கள் யாழிக்கு இரண்டரை. முதலில் சும்மா வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார்கள்.

பக்கத்து மேசை செல்வி அக்கா: "குட்டிக்கரணம் அடிக்க வாத்தியாரா? எங்க பிள்ளைக அதுபாட்டுக்கு அடிச்சு மண்டைய ஒடச்சிட்டு வரும்." அதிலும் நியாயம் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: எலும்புக்கு நல்லதா. அழுதால் விட்டுவிடுவார்களா. ஆசை எனக்கா, அவளுக்கா. (இதற்குப் பதில் தெரியும். எனக்குத்தான்.)

இவரிடம் சொன்னேன். விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனி ஃபோர்மேன், சீசன் நேரம், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போயிட்டு வாங்க. பிள்ள விழுந்து கிழுந்து வைக்காம பாத்துக்க."

ஜூலை 20, ஞாயிறு

பஸ்ஸில் விருதுநகர். வகுப்பு நடப்பது பழைய மிளகாய் வத்தல் குடோனில். சுண்ணாம்பு அடித்து, நீல மெத்தை விரித்து எல்லாம் செய்தும் நெடி போகவில்லை. பிள்ளைகள் ஓட ஓட ஆளாளுக்குத் தும்மல். கோச் ரம்யா கோயம்புத்தூர்ப் பெண். அவளுக்குத்தான் அதிகத் தும்மல், பாவம்.

தவளை மாதிரி குதிக்கச் சொன்னாள். எல்லாம் குதித்தன. யாழி நின்றாள். பந்தை எறி என்றால், நடந்துபோய்த் தரையில் சத்தமே வராமல் வைத்துவிட்டு வந்தாள். பெட்டி மேல் ஏற்றிவிட்டால், திரும்பி உட்கார்ந்து காலால் தரையைத் தேடி இறங்கினாள். உள்ளே வரும்போதெல்லாம் கதவு நிலையை ஒரு தரம் தொட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும் தொட்டாள்.

முடிந்ததும் ரம்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குதிக்கவே மாட்டேங்கறா. ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கதவைத் தொடறது வேற. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

பஸ் ஏறும்போது அவள் மேல் கோபம். வீடு வருவதற்குள் கோபம் போய்ப் பயம்.

ஜூலை 22, செவ்வாய்

புழுக்கம். சரியான தூக்கமில்லை. போனில் தேடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினேன். எதைத் தேடினாலும் என் பிள்ளையைத்தான் சொல்கிறது. டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் பதிந்தாச்சு. இவரிடம் சொல்லவில்லை.

கூடத்தில் தலையணைகளை அடுக்கி, "குதி யாழி" என்றேன். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "பைய," என்றாள்.

ஜூலை 23, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

சாயங்காலம் கம்பெனி வேன் இவரை இறக்கிவிட்டது. செருப்பைக் கழற்றினார். வாசல் கிரில்லில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். உள்ளே வந்தார். பின்னாலேயே யாழி, எட்டி, அதே கம்பியில் கை வைத்துவிட்டு உள்ளே.

பட்டாசு கம்பெனியில் அறை வாசலில் செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்து இருக்கும் அறைக்குள் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இவர் வீட்டிலும் தொட்டுத்தான் வருகிறார். பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணில் படுவதே நின்றுபோயிருக்கிறது.

அதன் பிறகு காதையும் தீட்டி வைத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் இவர் அவளிடம் சொன்னவை: பைய வை. இழுக்காத. எறியாத, கையில குடு. ஓடாத. குதிக்காத ஆத்தா. ஒன்றைக்கூட அதட்டிச் சொல்லவில்லை, எல்லாம் கொஞ்சல். கம்பெனியில் நாளெல்லாம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை.

"எம்பிள்ளைக்குக் கொறைன்னா சொன்னாக?"

"அந்தப் பொண்ணுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒரு ரூம்ல நாலு பேரு உக்காந்திருப்பாக. நா ஒருக்கா 'பைய' சொல்ல மறந்தா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும். அது வாயில ஊறிப்போச்சு. அம்புட்டுதான்."

நான் சிரித்திருக்க வேண்டாம்.

ஜூலை 25, வெள்ளி

டாக்டர் யாழியை நடக்கவிட்டார், படி ஏறவிட்டார், காதைப் பார்த்தார். "நல்லாருக்கா. விளையாட விடுங்க." ஆட்டோவில் வரும்போது அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார்.

ரம்யாவுக்குப் போன். செம்புத் தகடு கதையைச் சொன்னேன். "ஐயோ அக்கா, சாரிங்க்கா" என்று நாலு தரம். நேராகவே கேட்டேன், இந்த வயதில் வகுப்பு தேவையா என்று.

"உண்மையச் சொன்னா தேவையில்லீங்க்கா. ஏறட்டும், உருளட்டும், குதிக்கட்டும். வீட்டுல விட்டாலே போதும்."

தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்கிற பெண். பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் எப்படி விடுவது? இவர் வாயைக் கட்டவா முடியும்?

பால் திரிந்துவிட்டது. நாளைக்கு இரண்டு பாக்கெட்.

ஜூலை 27, ஞாயிறு

தூறல். யாழியைச் சேர்த்தாச்சு. இன்றைக்கு இவரும் வந்தார், சீசனில் லீவு போட்டுவிட்டு!

பெட்டி மேல் யாழி. ரம்யா கீழே நின்று கையை நீட்டினாள். யாழி அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். இவர் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மூடிக்கொண்டார். பிறகு, "குதி ஆத்தா."

அவள் நம்பவில்லை. பத்திரமாக இறங்கி வந்து, இவர் விரலைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெட்டியைக் காட்டினாள். "அப்பா குதி."

அத்தனை அம்மாக்களும் பார்க்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தார். மெத்தை தொப்பென்றது. பிள்ளைகளெல்லாம் கெக்கெக்கென்று சிரித்தன. இவர் விழுந்த இடத்திலேயே குந்தியிருந்தார், தோளைக் குறுக்கி, கண்ணைத் திறக்காமல். இந்த மனிதர் இத்தனை வருடமும் எதற்குக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாழி கிட்டே போய் விரலால் இவர் இமையைப் பிரித்தாள்.

"ஒண்ணும் ஆகலயே?" என்றார் என்னிடம்.

"ஒண்ணும் ஆகலங்க."

அதற்குள் யாழி பெட்டி மேல். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. குதித்தாள்.