இரண்டாவது மாத்திரை

12.1.1995, வியாழன்

பி.பி. நூற்றுப் பத்துக்கு எழுபது. டாக்டர் ஜலால் "சூப்பர்மா" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் என்னை சூப்பர் என்ற ஒரே ஆண்பிள்ளை. ராத்திரிக்கு ஒன்று என்று அவர் எழுதிய மாத்திரையை நான் இரண்டு போட்டுக்கொள்வதை மட்டும் சொல்லவில்லை. அப்பா பக்கவாதத்தில் ஆறு வருஷம் வாய் கோணிக் கிடந்தார். நான் கிடக்க மாட்டேன்.

3.3.1995

காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் தலை கிர்ரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் பார்த்துவிட்டு என்ன என்றார். வெயில் என்றேன். மணி ஐந்தரை.

18.4.1995, செவ்வாய்

திருமுடிவாக்கம் கம்பெனியில் இருபது வருஷமாக டெலிபோன் போர்டு ஆபரேட்டர் நான். இன்று மேனேஜர் வில்பிரட் தானே எழுந்து வந்தார். "மேடம், பாம்பே லைன் லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு. பாக்கலையா?" பல்ப் போய்விட்டது என்று சாதித்தேன். பல்ப் நன்றாகத்தான் எரிந்தது.

அவர் போனதும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு போர்டின் நடுவைப் பார்த்தேன். இடது ஓரத்து வரிசையே இல்லை. இருட்டாகக்கூட இல்லை. சும்மா, இல்லை.

19.4.1995

பயமா இருக்கு. இவர்கிட்ட சொல்லல. சொன்னா தம்பி, மச்சினின்னு ஊரையே கூட்டிடுவார்.

24.4.1995, திங்கள்

லீவு போட்டுவிட்டு, தாம்பரத்தில் கண் டாக்டர் அஜீசாவிடம் தனியாகப் போனேன். சின்னப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் பதினாறு, நார்மல் என்றாள். அப்பாடா என்று பையை எடுத்தேன். உட்காரச் சொன்னாள். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வெளுத்துக் குழிந்திருக்கிறதாம்.

பிறகு ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாள். லைட் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான். ஃபெயில்.

கிளாக்கோமா. அழுத்தம் ஏறாமலேகூட வருமாம். பி.பி. எவ்வளவு என்றாள். பெருமையாகச் சொன்னேன். என்ன மாத்திரை, எத்தனை என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"தூங்கறப்ப எல்லாருக்குமே பிரஷர் இறங்கும்மா. அதுக்கு மேல நீங்க ரெண்டு மாத்திரை போட்டு அமுக்கினா, நரம்புக்கு ரத்தம் எப்படிப் போய்ச் சேரும்?"

பி.பி. ஏறினாலும் கண்ணுக்குக் கெடுதல்தான், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஜலாலைப் பாருங்கள் என்றாள். போன பார்வை திரும்புமா என்று கேட்டேன்.

"வராதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம்."

நல்லா இருக்குடி உன் புத்தி. வாய் கோணக் கூடாதுன்னு கண்ணக் குடுத்துட்டு வந்திருக்கே. நானேதானே — யார்மேல பழி போடறது?

25.4.1995

ஜலாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. என் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இனி ஒரே மாத்திரை, அதுவும் காலையில் என்று எழுதினார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன். "ஏண்டி, எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?" என்றார். அவ்வளவுதான். ஊரைக் கூட்டவில்லை. வாசலில் போய் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட வரவில்லை.

2.6.1995

சொட்டு மருந்து கண்ணில் ஒன்று, கன்னத்தில் மூன்று.

12.11.1995, ஞாயிறு

நேற்று மறுபடி அந்தக் கிண்ணம். போனது போனதுதான், புதிதாக எதுவும் போகவில்லை என்றாள் அஜீசா. பி.பி. நூற்று முப்பதுக்கு எண்பது. ஜலாலுக்குத் திருப்தி. எனக்குத்தான் முதல் ரேங்க் போன துக்கம்.

இன்று குன்றத்தூர் மலைக்குப் போனோம். என்னோடு எங்கே போனாலும் பத்தடி முன்னால் நடக்கிறவர் என் வீட்டுக்காரர் சாம்பசிவன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். இன்று படி ஆரம்பிக்கும் இடத்தில் நின்று, நான் வந்ததும் என் இடப்பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போதும் அதே பக்கம்.

எதிரே வந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வலப்பக்கமாக வந்ததால் தெரிந்தது. சிரித்துக்கொள்ளட்டும். நான் கையை விடவில்லை.